வலித்தல்: துடுப்பும் கூலியும் தங்கவயலின் இளைஞர்களும்

படகு செலுத்துவதைக் குறிக்கத் தமிழில் 'துடுப்பு வலித்தல்', 'தண்டு வலித்தல்' என்னும் தொடர்கள் உண்டு. இங்கு வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்று பொருள். உடல் நோவதையும் அதே வடிவமுள்ள வினையால்தான் சொல்கிறோம். வலி என்னும் பெயர்ச்சொல்லுக்கு நோவு என்றும் பொருளுண்டு. வலிமை என்றும் பொருளுண்டு. சென்னையில் கைரிக்‌ஷா இழுத்தவர்களும் வண்டி 'வலித்தார்கள்'. ஒரே அசைவு, ஒரே தசை. ஆயினும் அதை ஒருவர் செய்தால் விளையாட்டு என்கிறோம், மற்றொருவர் செய்தால் கூலி வேலை என்கிறோம். இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதைக் கோலார் தங்கவயலை மனத்தில் வைத்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தங்கவயலைப் பற்றிய கூட்டங்களில் ஒரு கோரிக்கை தவறாமல் ஒலிக்கும்: "இளைஞர்களுக்கு விளையாட்டைக் கொடுங்கள், வாழ்க்கை மாறிவிடும்." நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் விளையாட்டு தானாகவே ஒருவரின் வாழ்க்கையை மாற்றிவிடுமா? படகு வலித்தலின் வரலாறு இக்கேள்விக்கு மற்ற எந்த விளையாட்டையும்விடத் தெளிவான விடை வைத்திருக்கிறது. ஏனெனில், உழைப்பாளியை வெளியே நிறுத்துவதற்கென்றே எழுத்தில் விதி வகுத்த விளையாட்டு அது.

இங்கிலாந்தின் தேம்சு ஆற்றங்கரையில் ஹென்லி என்னும் ஊர் இருக்கிறது. அங்கு 1839 முதல் நடைபெறும் படகுப் போட்டி உலகப் புகழ் பெற்றது. தேம்சில் படகு வலித்தல் முதலில் படகோட்டிகளின் தொழிலாகவே இருந்தது. பயணிகளை அக்கரை சேர்த்துப் பிழைத்தவர்கள் அவர்கள். பயிற்சி முடித்த இளம் படகோட்டிகளுக்கென 1715இல் தொடங்கப்பட்ட டாகெட் பந்தயம் இன்றும் நடக்கிறது. பின்னர் பல்கலைக்கழக மாணவர்கள் துடுப்பைக் கையிலெடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1829இல் முதன்முறையாக மோதின. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது: தொழிலைக் கண்டு விளையாட்டைக் கற்றவர்கள், அந்தத் தொழிலாளர்களையே விளையாட்டிலிருந்து விலக்கினார்கள்.

1879இல் ஹென்லி போட்டியின் பொறுப்பாளர்கள் 'அமெச்சூர்' என்பவர் யார் என்று வரையறுத்தார்கள். பரிசுப் பணத்துக்குப் போட்டியிட்டவர்களும் படகுத் தொழிலில் ஊதியம் பெற்றவர்களும் அமெச்சூர் அல்லர் என்றார்கள். அது ஓரளவு புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் விதி அத்தோடு நிற்கவில்லை. கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞர், இயந்திரத் தொழிலாளி, உடலுழைப்பாளி எவரும் அமெச்சூர் அல்லர் என்றும் சொன்னது. அவர் தம் வாழ்நாளில் துடுப்பால் ஒரு காசுகூடச் சம்பாதித்திருக்க வேண்டியதில்லை. கொத்தனாராகவோ தச்சராகவோ இருந்தாலே போதும், விலக்கப்படுவார். உடலுழைப்பால் உரமேறிய உடல், மேசையில் அமர்ந்திருக்கும் கனவானோடு போட்டியிடுவது நியாயமில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. உழைப்பாளியின் வலிமையே அவருடைய தகுதியின்மை ஆயிற்று.

இந்த விதி வந்த மறு ஆண்டு, 1880இல், லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கோலார் தங்கவயலில் கால்வைத்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆனால் உடலுழைப்பாளியின் இடம் எது என்பதில் அந்தக் காலத்து ஆங்கிலேய மேட்டுக்குடியினருக்கு இருந்த தெளிவு இரண்டிலும் தெரிகிறது. மேற்பார்வைக்குக் கார்ன்வாலிலிருந்து சுரங்க வல்லுநர்கள் வந்தார்கள். பாறையை உடைக்க வட ஆர்க்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்; அவர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். ஒரு பக்கம் பங்களாக்கள், மன்றம், கோல்ஃப் திடல். மறுபக்கம் தட்டியாலும் தகரத்தாலும் எழுந்த 'லைன்' வீடுகள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூரு நகரமே அதற்குப் பிறகுதான் மின்விளக்கைக் கண்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் சென்றது. அத்தனை ஆழத்தில் பாறை வெடிப்பையும் சிலிக்கா தூசியையும் எதிர்கொண்டவர்களுக்கு மன்றத்தின் வாசல் திறந்திருக்கவில்லை.

சென்னையிலும் இதே காட்சிதான். மெட்ராஸ் போட் கிளப் 1867இல் ஐரோப்பியரின் மன்றமாகத் தொடங்கப்பட்டது. கொழும்பு மன்றம் அதற்கு மூன்றாண்டுகள் மூத்தது. இரண்டுக்குமிடையிலான போட்டி 1898இலிருந்து நடைபெறுகிறது. மெட்ராஸ் மன்றம் தோன்றியபோது அந்நகருக்குத் துறைமுகமே கிடையாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் கடலோர மக்கள் அலைகளைக் கடந்து சென்று பயணிகளையும் சரக்குகளையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அவ்வளவு நுட்பத்தோடு துடுப்பு வலித்தவர்கள் கூலிகள் எனப்பட்டார்கள். அமைதியான நீர்ப்பரப்பில் மாலைநேரம் துடுப்பு வலித்தவர்கள் விளையாட்டு வீரர்கள் ஆனார்கள்.

இந்த விலக்கலை முதலில் எதிர்த்தவர்களில் ஒருவர் மொழியறிஞர் என்பது மொழியியல் படித்தவர்களுக்கு உவப்பான செய்தி. பிரெடரிக் ஃபர்னிவால், பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியாக மலர்ந்த பெருந்திட்டத்தைத் தொடக்கக் காலத்தில் பதிப்பாசிரியராக இருந்து நடத்தியவர். பழைய ஆங்கில நூல்களைப் பதிப்பிக்க 1864இல் ஒரு கழகத்தை நிறுவியவர். லண்டனில் தொழிலாளர்களுக்காக 1854இல் தொடங்கப்பட்ட கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். மாணவர்களைத் தேம்சுக்கு அழைத்துச் சென்று படகில் ஏற்றினார். கூலிக்கு உழைப்பவர் என்பதால் தம் மாணவர்கள் விலக்கப்படுவதை அவரால் ஏற்க முடியவில்லை. 1890இல் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளும் மாற்றுச் சங்கம் உருவானபோது அதன் முன்னணியில் நின்றார். 1896இல் ஹாமர்ஸ்மித்தில் பெண்களுக்கென ஒரு படகு மன்றம் தொடங்கினார். தேநீர்க் கடைகளில் பணிபுரிந்த இளம்பெண்கள் அதில் துடுப்பேந்தினார்கள். அந்த மன்றம் இன்றும் அவர் பெயரோடு இயங்குகிறது.

விதி அவ்வளவு எளிதில் சாகவில்லை. 1920இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜான் கெல்லி ஹென்லியில் தனிநபர் பந்தயத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார். அவருடைய மன்றத்தோடு பழைய பிணக்கு ஒன்று இருந்தது என்பது ஒரு காரணம். அவர் செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்தவர் என்பது மற்றொன்று. அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இங்கிலாந்து வீரரைத் தோற்கடித்துத் தங்கம் வென்றார் கெல்லி. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஆஸ்திரேலியாவின் எண்மர் அணியும் ஹென்லியில் அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் காவலர்கள் என்பதே காரணம். அந்த அவமதிப்பு பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. உடலுழைப்பாளரை விலக்கிய பிரிவு 1937இல் நீக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், தந்தைக்கு மறுக்கப்பட்ட அதே பந்தயத்தைக் கெல்லியின் மகன் வென்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1879 முதல் 1937 வரை 58 ஆண்டுகள். ஏழைகள் வராததற்கு ஆர்வக்குறைவு காரணமன்று. அவர்களை வராதிருக்கச் செய்த ஏற்பாடு காரணம்.

எழுதப்பட்ட விதி போன பிறகும் எழுதப்படாத விதி எஞ்சியது. படகின் விலை, படகுத்துறையின் தொலைவு, மன்றக் கட்டணம், நீந்தத் தெரியாமை, "இது நம்மவர்க்கானதன்று" என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து பழைய வேலையைத் தொடர்ந்து செய்தன. இந்த இடத்தில்தான் சிகாகோ கதை முக்கியமாகிறது. 1990களின் இறுதியில் அந்நகரின் மேற்குப் பகுதியில், வன்முறைக் கும்பல்களின் எல்லைக் கோடுகளுக்கிடையே அமைந்த மேன்லி உயர்நிலைப் பள்ளியில் ஒரு படகணி உருவானது. அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் மட்டுமே கொண்ட முதல் படகணி என்று அது குறிப்பிடப்படுகிறது. பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த கென் ஆல்பார்ட் என்பவர் முன்கை எடுத்தார். மாணவர்களை ஈர்க்க முதலில் இலவச பீட்சா கொடுத்தார்கள். வந்தவர்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்த, தெருவில் எதிரெதிரே நின்றிருக்கக்கூடிய பையன்கள் ஒரே படகில் அமர்ந்தார்கள்.

அந்த அணியில் இருந்த ஆர்ஷே கூப்பர் பின்னர் சமையற்கலைஞர் ஆனார். தம் அனுபவங்களை நூலாக எழுதினார். 2020இல் அது ஆவணப்படமாகவும் வந்தது. படத்தின் ஒரு பகுதி அக்காலத்தைவிட முக்கியமானது என்பேன். நடுவயதை எட்டிய பழைய அணியினர் 2019இல் மீண்டும் படகில் ஏறுகிறார்கள். இம்முறை அவர்களோடு துடுப்பு பிடிப்பவர்கள் சிகாகோ காவலர்கள். ஒருவரையொருவர் அஞ்சிப் பழகிய இரு தரப்பினர் ஒரே தாளத்தில் இழுக்க வேண்டிய கட்டாயம் அங்கு ஏற்படுகிறது.

அந்தக் கட்டாயம் இவ்விளையாட்டின் அமைப்பிலேயே உள்ளது. துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்கிறார். எண்மர் படகில் சுக்கான் பிடிப்பவர் மட்டுமே முன்னே பார்க்கிறார். மற்ற எட்டுப் பேரும் அவர் குரலை நம்பி இழுக்கிறார்கள். ஒருவர் மட்டும் கூடுதல் வேகத்தில் வலித்தால் படகு விரைவதில்லை, தடுமாறுகிறது. தனிநபர் சாகசத்துக்கு இங்கு இடமில்லை. பந்தயத் தூரம் 2000 மீட்டர். கடைசி 500 மீட்டரில் நுரையீரல் எரியும், தொடை மரத்துப்போகும். அப்போதும் தாளம் பிசகக் கூடாது. இரு பொருளிலும் வலித்தல்தான் இது. தெருவில் தன்னைத்தானே காத்துக்கொள்ளப் பழகிய இளைஞனுக்கு, முதுகுப் பக்கத்தை மற்றவரிடம் ஒப்படைக்கும் இந்தப் பழக்கம் சிறியதன்று.

சுரங்கத் தொழிலாளிக்கு இது புதிய பாடமன்று. பூமிக்கடியில் ஒரு குழு பாறையில் துளையிடும்போது ஒருவர் கவனக்குறைவு அனைவரின் உயிரையும் பறிக்கும். கேஜில் இறங்கும் ஒவ்வொருவரும் தம்மால் பார்க்க முடியாத எவர் கையையோ நம்பித்தான் இறங்கினார்கள். தங்கவயலின் தாத்தாக்களுக்கு இந்த ஒழுங்கு தெரிந்திருந்தது. அதற்கு எவரும் பதக்கம் தரவில்லை என்பதுதான் வேறுபாடு.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு தத்து போகனல். மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் வறட்சிக்குப் பெயர்போன பகுதியில் பிறந்தவர். தந்தை கிணறு வெட்டும் தொழிலாளி. மகனும் அந்த வேலையில் உடனிருந்தார். 2012இல் இராணுவத்தில் சேர்ந்தார். பணியிடம் கிர்க்கியிலுள்ள பம்பாய்ப் பொறியியல் படை. தண்ணீரைக் கண்டால் அச்சம் கொண்டிருந்த அவர் அங்குதான் துடுப்பைப் பிடித்தார். நான்கே ஆண்டுகளில், 2016இல், ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் பந்தயத்தில் 13ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நால்வர் படகில் தங்கம். தண்ணீரைத் தேடி மண்ணைத் தோண்டிய கைகள் தண்ணீரின் மேல் நாட்டுக்காகத் துடுப்பு வலித்தன.

ஊக்கமூட்டும் கதை என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் தத்துவின் வாழ்வில் எது மாறியது என்று கேட்டால், முதல் விடை துடுப்பு ஆகாது. மாதச் சம்பளம், நேரத்துக்கு உணவு, பயிற்சியாளர், படகு, காயம்பட்டால் மருத்துவமனை, தோற்றாலும் நாளைக்கு வேலை உண்டு என்ற உறுதி ஆகியவற்றை இராணுவம் தந்தது. அதன் மேல்தான் திறமை வளர்ந்தது. ஃபர்னிவாலின் மாணவர்களுக்குப் பின்னால் ஒரு கல்லூரி இருந்தது. சிகாகோ பையன்களுக்குப் பின்னால் ஒரு பள்ளியும், நாள்தோறும் வந்து நின்ற பெரியவர் சிலரும் இருந்தார்கள். மூன்று நாடுகள், மூன்று காலங்கள். மூன்றிலும் படகுக்கு முன்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது.

இங்கிருந்து தங்கவயலுக்கு ஒரு குறுகிய பாதையும் உண்டு. பெங்களூருவின் அல்சூர் ஏரியை ஒட்டியது மெட்ராஸ் பொறியியல் படையின் மையம். 1780இல் தோன்றிய இந்தப் படைக்கு 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கணிசமானோர் சேர்ந்தார்கள். தங்கவயலுக்குச் சுரங்கம் வெட்டச் சென்றவர்களும் பெரும்பாலும் அதே மக்கள்தாம். அப்படையின் வீரரை இன்றும் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். இந்திய இராணுவம் முழுவதும் அறிந்த தமிழ்ச் சொல் அது. ஆற்றின் மேல் பாலம் அமைப்பதும் படகு செலுத்துவதும் பொறியியல் படையின் தொழில். தத்து போகனல் சேர்ந்த கிர்க்கிப் படை இதன் உடன்பிறப்புப் படை. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் இரயிலில் நாள்தோறும் வேலைக்குப் போகும் தங்கவயல் இளைஞர்களுக்கு அல்சூர் தொலைவான ஊரன்று.

தங்கவயலுக்கு விளையாட்டு புதிதும் அன்று. கால்பந்தும் ஹாக்கியும் அவ்வூரின் பெருமைகள். சுரங்கம் இயங்கிய காலத்தில் திடல் இருந்தது, அணி இருந்தது, வேலை முடித்துவந்து பயிற்சி தர மூத்தவர்கள் இருந்தார்கள். விளையாட்டுக்கு அப்பாலும் அம்மக்கள் தமக்கான நிறுவனங்களைத் தாமே எழுப்பினார்கள். அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை வெளியிட்டது. நின்றுபோயிருந்த 'தமிழன்' இதழை 1926இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். 1930இல் தம் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆணையை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்த வேண்டாம் என்பதே அதன் உட்பொருள். ஹென்லியின் கதவுக்கு வெளியே கெல்லி நின்ற பத்தாண்டுகளுக்குள் நடந்தது இது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்று வேலை மட்டும் போகவில்லை. திடலைப் பராமரித்த கை போயிற்று, மருத்துவமனை போயிற்று, மாலையில் பையன்களைத் திரட்ட நேரமுள்ள மூத்தவர்கள் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறி, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். நாளில் நான்கைந்து மணி நேரம் பயணத்திலேயே கழிகிறது. அந்த இளைஞனிடம் "விளையாடு, வாழ்க்கை மாறும்" என்று சொல்வது, நேரத்தையும் திடலையும் பறித்துக்கொண்டு ஊக்கத்தை மட்டும் கேட்பதாகும்.

தங்கவயலில் படகு விடத் தண்ணீர் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரிதான் அவ்வூருக்கு நெடுங்காலம் குடிநீர் தந்தது. 2018 முதல் பெங்களூருவின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு வருகிறது. தங்கவயலில் நிறைந்து கிடக்கும் தண்ணீர் வேறிடத்தில் உள்ளது: இறைக்கும் இயந்திரங்கள் நின்றபின் சுரங்கங்களில் ஊறி நிறைந்த நீர். தாத்தாக்கள் வெட்டிய சுரங்கங்கள் இன்று நீரில் மூழ்கியிருக்கின்றன. ஆனால் படகு வலித்தலைக் கற்கத் தொடங்க ஏரி தேவையில்லை. தரையில் வைத்துத் துடுப்பு இழுக்கும் பயிற்சி இயந்திரங்கள் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன. லண்டனில் ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு இவ்விளையாட்டு இயந்திரத்தின் வழியாகவே சென்று சேர்கிறது. ஒரு பள்ளியின் கூடத்தில் நான்கு இயந்திரங்கள் போதும். உயரமும் நுரையீரல் திறனும் உள்ள பிள்ளைகளை அதிலேயே கண்டறியலாம். அவர்களை இராணுவத்தின் சிறுவர் விளையாட்டுப் பிரிவுகளுக்கோ, ஆலப்புழையிலுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்துக்கோ வழிகாட்டலாம்.

இயந்திரம் வாங்குவது இதில் எளிய பகுதி. கடினமான பகுதி, அந்தக் கூடத்தின் கதவை நாள்தோறும் மாலை ஆறு மணிக்குத் திறந்து, பத்தாண்டுகள் தொடர்ந்து திறந்து வைத்திருப்பது. அதற்குச் சம்பளம் பெறும் ஒருவர் வேண்டும்; பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் வேண்டும்; படிப்பைக் கேட்டு விசாரிக்க ஒரு மூத்தவர் வேண்டும். பதக்கம் வாங்கும் ஒரு பிள்ளைக்காக மட்டுமின்றி, வாங்காத தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்காகவும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். சென்னை வியாசர்பாடியில் கால்பந்தையும் மாலைநேரப் படிப்பையும் சேர்த்து நடத்துகிறவர்கள் இதை நடைமுறையில் காட்டிவருகிறார்கள்.

58 ஆண்டுகள் ஒரு விதி உழைப்பாளியின் வலிமையைத் தகுதியின்மை என்றது. அதை எழுதியவர்களின் நாட்டு நிறுவனம் ஒன்று அதே வலிமையைக் கொண்டு தங்கவயலின் பொன்னை வெளியே எடுத்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வலிக்கத் தெரியுமா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. மாநில அரசும், ஒன்றிய அரசும், தங்கவயலால் வளம்பெற்ற நாமும் அந்தக் கூடத்துக்கு யார் வாடகை கொடுப்பது, யார் சாவியை வைத்திருப்பது என்பதைப் பேசத் தொடங்கினால் போதும். தங்கவயல் நண்பர்கள் தங்கள் ஊர்த் திடல்களின் இன்றைய நிலையைப் பின்னூட்டத்தில் எழுதினால், அந்தப் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.